ஹோல்யோக்: தண்ணீர் விழும் உயரத்தை வாடகைக்கு விட்ட காகித ஊர்

ஆற்று நீர்விசை ஒரு காகித ஆலை ஊரின் தொழில் வரலாற்றை எப்படி உருவாக்கியது என்பது கேள்வி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள ஹோல்யோக்கை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். "காகித நகரம்" என்றே அதற்கு இன்றும் பட்டப்பெயர். ஆறு இருந்தது, அணை கட்டினார்கள், ஆலைகள் வந்தன என்று மூன்று வரியில் முடிக்கிற கதை அல்ல இது. அங்கே ஒரே நிறுவனம் ஆற்றின் வீழ்ச்சி முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, அதை அளந்து, பங்கு போட்டு, ஆலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. ஊரில் தெரு எங்கே, ஆலை எங்கே, எந்த ஆலைக்கு எத்தனை எந்திரம் என்பதையெல்லாம் முடிவு செய்தது அந்த அளவுதான்.

முதலில் இடம். ஹோல்யோக்குக்கு மேலே கனெக்டிகட் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 8,300 சதுர மைல். இவ்வளவு பெரிய ஆறு இந்த ஓர் இடத்தில் குறுகிய தூரத்துக்குள் 60 அடிக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது. படகுக்காரர்களுக்கு அது தொல்லை. எதிர்க்கரையில் சவுத் ஹாட்லியில் 1795-லேயே படகுகளை அருவியைச் சுற்றி ஏற்றி இறக்க ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். அதே இறக்கம் பாஸ்டன் முதலாளிகளின் கண்ணுக்குப் பணமாகத் தெரிந்தது. லோவெல், லாரன்ஸ் என்று நெசவாலை நகரங்களை உருவாக்கிய அந்தக் கூட்டம்தான் 1848-ல் 40 லட்சம் டாலர் மூலதன அனுமதியோடு ஹாட்லி ஃபால்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. அவர்கள் மனத்தில் இருந்தது பருத்தி ஆலை நகரம், காகிதம் அல்ல.

முதல் அணையை 1848 நவம்பரில் முடித்தார்கள். காலை 10 மணிக்கு மதகுகளை மூடினார்கள். நீர் ஏற ஏற அடியில் கசிவு தொடங்கியது; பிற்பகல் மூன்றரை மணி ஆவதற்குள் அணை பெயர்ந்து போய்விட்டது. ஒரே நாளில் பாடம் கற்றார்கள். மறு ஆண்டு அக்டோபரில் இரண்டாவது மர அணை எழுந்தது: 1,017 அடி நீளம், 30 அடி உயரம். பெரிய மரக்கட்டைகளைச் சட்டம் சட்டமாகப் பூட்டி, பாறையில் இரும்பு ஆணியால் பிணைத்து, உள்ளே கல்லும் சரளையும் நிரப்பிய அமைப்பு. அது நின்றது. ஆனால் 30 அடியிலிருந்து விழும் தண்ணீர் அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையைக் குடைந்துகொண்டே போனது. குழி அணையின் காலை நெருங்கியதும், 1868 முதல் 1870 வரை முன்புறம் சாய்வாக இன்னொரு மரக்கட்டைத் தளம் கட்டி நீரை வழுக்கி இறங்கச் செய்தார்கள். மரம் என்றைக்கிருந்தாலும் மக்கும். 1895-ல் தொடங்கி 1900-ல் முடித்த கருங்கல் அணைதான் இன்று அங்கே நிற்பது.

ஹோல்யோக்கின் உயிர் அணையைவிட அதன் கால்வாய்களில்தான் இருக்கிறது. அணையின் தலைமதகிலிருந்து புறப்படும் முதல் மட்டக் கால்வாய் ஊருக்குள் நுழைகிறது. அதற்கு இணையாக, சுமார் 20 அடி தாழ்வாக, இரண்டாம் மட்டக் கால்வாய். அதற்கும் கீழே மூன்றாவது. மொத்த நீளம் நாலரை மைல். முதல் கால்வாய்க்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள நிலப்பட்டையில் ஆலைகள் வரிசையாக நின்றன. ஓர் ஆலை முதல் கால்வாயில் தண்ணீரை எடுக்கும். கட்டடத்தின் அடியில் உள்ள டர்பைன், அதாவது நீர் சுழற்றும் சக்கரம், வழியாக அது 20 அடி இறங்கும். வெளியேறும் கழிவுநீர் இரண்டாம் கால்வாயில் சேரும். அந்தக் கால்வாயில் இருக்கிற ஆலைக்கு இதுவே புதுத்தண்ணீர். அங்கிருந்து மூன்றாம் கால்வாய்க்கோ நேரே ஆற்றுக்கோ விழும். ஒரே தண்ணீர் ஆற்றைத் திரும்பச் சேர்வதற்குள் இரண்டு தடவை, சில பாதைகளில் மூன்று தடவை வேலை செய்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசை ஆலைகள் நின்றுவிட்டால் கீழ் வரிசைக்குத் தண்ணீர் வராது. அதனால் மேல் கால்வாயிலிருந்து கீழ்க் கால்வாய்க்கு நேரடியாக வழிந்து இறங்க மதகுகள் வைத்தார்கள். மேலே எத்தனை ஆலை ஓடுகிறது என்று பார்த்து, குறைகிற தண்ணீரை அந்த மதகு வழியாக விட வேண்டும். நம் ஊர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் திறப்பவருக்கு இந்த வேலை சட்டென்று புரியும். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே மட்டம் சில அங்குலம் இறங்கினாலும் கீழே ஒரு டஜன் ஆலைகளில் சக்கர வேகம் மாறும்.

விற்பனை அலகின் பெயர் "மில் பவர்". ஹோல்யோக் குத்தகையில் அதன் பொருள் இது: மேல் வீழ்ச்சியில், 20 அடி விழும் உயரம் இருக்கும்போது, நாளொன்றுக்கு 16 மணி நேரம், விநாடிக்கு 38 கன அடி தண்ணீர் எடுக்கும் உரிமை. கணக்குப் போட்டால் தண்ணீரில் இருக்கும் மொத்த விசை சுமார் 86 குதிரைத்திறன். 80 சதவீதத் திறனுள்ள டர்பைனில் கைக்கு வருவது 69. மற்ற வீழ்ச்சிகளில் உயரம் எவ்வளவோ அதற்குத் தலைகீழ் விகிதத்தில் தண்ணீர் அளவு மாறும். 25 அடி கிடைக்கிற இடத்தில் 30.4 கன அடி. 12 அடிதான் என்றால் 63 கன அடிக்குச் சற்று மேல். ஆக, நிறுவனம் கொடுத்தது வெறும் தண்ணீர் அல்ல, வெறும் உயரமும் அல்ல, இரண்டின் பெருக்கல். எந்தக் கரையில் இடம் கிடைத்தாலும் ஒரு மில் பவருக்கு ஒரே வலு கிடைக்கும் என்பதால் ஆலைக்காரர் தயங்காமல் கையெழுத்திட்டார். இந்த வரையறைதான் ஹோல்யோக்கின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

பருத்தி நகரம் எப்படிக் காகித நகரமானது? 1853-ல் பார்சன்ஸ் பேப்பர் கம்பெனி வந்தது. அங்கே அதுதான் முதல் காகித ஆலை. 1857-ன் நிதி நெருக்கடியில் ஹாட்லி ஃபால்ஸ் கம்பெனி நொடித்தது. 1859-ல் அணை, கால்வாய், நிலம் எல்லாம் ஏலத்துக்கு வந்து, புதிதாகத் தொடங்கிய ஹோல்யோக் வாட்டர் பவர் கம்பெனியின் கைக்கு மாறியது. பெரிய பருத்தி ஆலைகளை எதிர்பார்த்து வெட்டிய கால்வாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மில் பவரோடு தொடங்கக்கூடிய நடுத்தரத் தொழில் தேவைப்பட்டது. காகிதம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

ஏன் என்று தெரிய, அந்தக் காலத்து உயர்தர எழுதுதாள் செய்யும் முறையைப் பார்க்க வேண்டும். மூலப்பொருள் மரம் அல்ல, பருத்தி, லினன் கந்தல். பெண்கள் கந்தல் அறையில் உட்கார்ந்து, நிமிர்த்தி வைத்த கத்தியில் துணியைக் கீறி, பொத்தானையும் கொக்கியையும் தையலையும் வெட்டி எடுப்பார்கள். தூசி தட்டிய கந்தலைச் சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து, சுழலும் கொதிகலனில் நீராவியில் மணிக்கணக்காக வேக வைப்பார்கள். பிறகு கழுவி, சலவைத்தூளில் வெளுத்து, வடிதொட்டியில் நாட்கணக்கில் ஊறப் போடுவார்கள்.

அடுத்து வருவதுதான் விசையை விழுங்கும் கட்டம்: பீட்டர் (beater) என்னும் அரைக்கும் தொட்டி. நீள்வட்டத் தொட்டி, நடுவே ஒரு தடுப்புச் சுவர், ஒரு பக்கத்தில் இரும்புப் பட்டைகள் பதித்த கனமான உருளை, அதன் அடியில் அதே மாதிரிப் பட்டைகள் உள்ள தட்டு. கந்தல் கலந்த நீர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து உருளைக்கும் தட்டுக்கும் இடையே நசுங்கும். தொழிலாளி உருளையைத் தட்டை நோக்கிச் சிறுகச் சிறுக இறக்குவார். அவசரப்பட்டு இறக்கினால் நார் வெட்டுப்பட்டுத் தாள் பலமிழக்கும். பொறுமையாக இறக்கினால் நார் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு தொட்டிச் சரக்குக்குப் பல மணி நேரம் ஆகும். ஆலைக்குப் பல தொட்டிகள். இரவும் பகலும் மாறாத, கனத்த சுமை அது. இந்தச் சுமையை நிலக்கரியில் ஓட்டினால் லாபம் புகைபோக்கி வழியே போய்விடும். சுருக்கமாக, ஹோல்யோக் காகிதத்தின் விலையில் பெரும் பங்கு கந்தலுக்கும் கூலிக்கும் போனது; அரைப்பதற்கான வலுவை ஆறு மலிவாகக் கொடுத்தது.

குத்தகை 16 மணி நேரத்துக்குத்தான். காகித ஆலையோ 24 மணி நேரமும் ஓடுவது. நிரந்தர உரிமைக்கு மேல் ஆற்றில் மிச்சம் இருக்கும்போது உபரித் தண்ணீரையும் தனிக் கட்டணத்தில் கொடுத்தார்கள். பருத்தி ஆலை பகலில் மட்டும் ஓடும். காகித ஆலை இரவில் பாயும் தண்ணீரையும் காசாக்கும். ஆற்றை வைத்திருப்பவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பது அரிது.

நல்ல ஆலைப் பொறியாளர் பீட்டரையும் காகித எந்திரத்தையும் ஒரே சக்கரத்தில் கட்ட மாட்டார். தொழிலாளி ஒரு பீட்டர் உருளையை இறக்கும்போது சக்கரத்தின் மேல் சுமை சட்டென்று கூடும், வேகம் தொய்யும். காகித எந்திரமும் அதே ஷாஃப்டில், அதாவது விசையைக் கடத்தும் சுழல்தண்டில், இருந்தால், கூழ் பரவித் தாளாகும் அதன் கம்பிவலை மெதுவாகும். கூழ் பாயும் அளவோ மாறாது. அந்தச் சில நிமிடங்களில் வந்த தாள் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். எடை சீராக இருப்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கணக்குப்புத்தகத் தாளில் இது மன்னிக்க முடியாத குறை. அதனால் எந்திரத்துக்குத் தனியாக ஒரு சிறு டர்பைனோ நீராவி எஞ்சினோ வைப்பார்கள். நீராவி எஞ்சினில் ஒரு சௌகரியம்: வேலை முடித்து வெளிவரும் நீராவியை உலர்த்தும் உருளைகளுக்கே திருப்பிவிடலாம்.

நீர்விசை மலிவுதான், நம்பகமானது என்று சொல்லிவிட முடியாது. கோடையின் கடைசியில் ஆறு மெலியும். நிறுவனம் உபரியை நிறுத்திவிடும். குளிர்காலத்தில், மேற்பரப்பு உறையாத தெளிவான இரவுகளில், நீருக்குள்ளேயே நுண்பனித் துகள்கள் உருவாகி டர்பைன் வாயில் உள்ள குப்பைத் தடுப்புக் கம்பிகளில் ஒட்டும். கம்பிக்குக் கம்பி பாலம் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாயை அடைத்துவிடக்கூடியது அது. ஆட்கள் நீண்ட வாரியால் இடைவிடாமல் சுரண்ட வேண்டும்.

பலரும் எதிர்பாராத தொல்லை வெள்ளம். தண்ணீர் கரைபுரளும்போது விசையும் பெருகும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு. அணைக்கு மேலே நீர்மட்டம் கொஞ்சம்தான் உயரும், கீழே ஆறு பல அடி ஏறிவிடும். ஆற்றில் கழிக்கும் ஆலைக்கு விழும் உயரம் சுருங்குகிறது. 25 அடி உயரம் 18 ஆனால், மதகு முழுதும் திறந்திருந்தாலும் டர்பைனின் வலு சுமார் 61 சதவீதமாக இறங்கும்; வேகமும் 85 சதவீதமாகக் குறையும். இரண்டு கால்வாய்களுக்கு நடுவே உள்ள ஆலைக்கு இந்தப் பாதிப்பு அநேகமாக இல்லை, ஏனென்றால் அது கழிக்கும் இரண்டாம் கால்வாயின் மட்டம் மனிதர் கையில் இருக்கிறது. மேல் வரிசை இடங்களின் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

அளந்து விற்கிறோம் என்று சொல்லிவிட்டால் போதாது. ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு எடுக்கிறது என்று எப்படித் தெரியும்? கால்வாயிலிருந்து பூமிக்கடியில் போகும் தண்ணீருக்கு அந்தக் காலத்தில் மீட்டர் கிடையாது. 1879-ல் நிறுவனத்தின் நீரியல் பொறியாளராக வந்த கிளெமன்ஸ் ஹெர்ஷல் இதற்குக் கண்ட வழி மிக அழகானது: டர்பைனையே மீட்டராக்கிவிட்டார். ஹோல்யோக்கில் ஜேம்ஸ் எமர்சன் ஏற்கெனவே டர்பைன் சோதனை நடத்திவந்தார். 1880-களின் தொடக்கத்தில் ஹெர்ஷல் புதிய சோதனைக் கால்வாயைக் கட்டினார். ஆலைக்குப் போகும் சக்கரத்தை முதலில் அங்கே பொருத்துவார்கள். வெளியேறும் நீரை ஓர் அளவுத் தடுப்பணையின் மேல் வழியவிட்டு, வழியும் ஆழத்திலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி என்று கணக்கிடுவார்கள். சக்கரத்தின் ஷாஃப்டில் உராய்வுத் தடையைக் கட்டி அது தரும் வலுவை நிறுப்பார்கள். மதகு கால், அரை, முக்கால், முழுதும் திறந்த நிலைகளில் வரிசையாகச் சோதித்து ஒரு பட்டியல் தயாராகும். பிறகு அந்தச் சக்கரம் ஆலையில் உட்காரும். நிறுவனத்தின் ஆள் நாள்தோறும் வந்து இரண்டை மட்டும் குறித்துக்கொள்வார்: மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம். பட்டியலைப் பார்த்தால் அன்றைக்கு அந்த ஆலை எடுத்த தண்ணீர் தெரிந்துவிடும்.

இதன் விளைவு ஹோல்யோக்கோடு நிற்கவில்லை. சோதனைச் சான்று இல்லாத சக்கரத்தை வாங்க ஆள் யோசித்தார்கள். நாடெங்கும் உள்ள டர்பைன் தயாரிப்பாளர்கள் தங்கள் சக்கரத்தை ஹோல்யோக்குக்கு அனுப்பினார்கள். ஜான் மக்கார்மிக் 1876-ல் வடிவமைத்த ஹெர்குலிஸ் டர்பைன் இந்தச் சூழலில் பேர் வாங்கியது. ஹோல்யோக் மெஷின் கம்பெனி அதைத் தயாரித்தது. சின்ன விட்டத்தில் நிறையத் தண்ணீரை விழுங்கி வேகமாகச் சுற்றும் சக்கரம் அது. வாங்குபவர் முழு மதகில் கிடைக்கும் திறனை மட்டும் பார்க்கக் கூடாது என்பதும் இந்தப் பட்டியல்களால்தான் எல்லோருக்கும் உறைத்தது. முழு மதகில் 80 சதவீதம் காட்டும் சக்கரம் அரை மதகில் பாதியைக்கூட வீணாக்கலாம்; குத்தகைக் கணக்கில் வருவது எடுத்த தண்ணீர், கிடைத்த வலு அல்ல.

சக்கரம் வழியாகப் போகாத தண்ணீரும் உண்டு: கந்தல் கழுவவும் கூழ் கரைக்கவும் குழாயில் எடுப்பது. காகித ஆலையில் அது கொஞ்சநஞ்சமல்ல. அதை அளக்கத்தான் ஹெர்ஷல் 1887-ல் வென்சுரி மீட்டரை உருவாக்கினார். குழாயை மெல்லக் குறுக்கி, பிறகு நீண்ட சரிவில் பழைய அகலத்துக்கு விரிக்க வேண்டும். குறுகிய கழுத்தின் விட்டம் மூன்றில் ஒன்றானால் பரப்பு ஒன்பதில் ஒன்று. நீரின் வேகம் ஒன்பது மடங்கு. அங்கே அழுத்தம் விழுகிறது. முன்னாலும் கழுத்திலும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஓட்டம் இரு மடங்கானால் வேறுபாடு நான்கு மடங்காகும். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் குப்பை சிக்காது, தேயாது. வென்சுரி என்பது இத்தாலிய அறிஞர் பெயர். அவருடைய ஆய்வு 1797-ல் வந்தது. ஆனால் கருவியாக்கியது ஹோல்யோக்கின் தண்ணீர்க் கணக்கு. இன்று உலகம் முழுக்கக் குடிநீர்க் குழாய்களிலும் ரசாயன ஆலைகளிலும் உள்ள மீட்டர், ஒரு காகித ஊரின் வாடகைப் பிரச்சினையில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே ஊர் வீங்கியது. 1850-ல் 3,245 பேர், 1900-ல் 45,712, 1920-ல் 60,203. அணையும் கால்வாயும் வெட்டியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள். பின்னால் பிரெஞ்சு பேசும் கனடாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அணை ஆற்று மீனின் வழியையும் அடைத்தது. ஷாட் என்னும் மீன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வருவது நின்றது. மீன்வழி அமைக்கும்படி மாநிலம் கட்டளையிட்டதை எதிர்த்து நிறுவனம் உச்சநீதிமன்றம் வரை போய் 1872-ல் தோற்றது. ஆனாலும் உண்மையில் பயன்பட்ட மீன் ஏற்றி 1955-ல்தான் வந்தது.

சரிவு எங்கே தொடங்கியது? நிரந்தர மில் பவர்களின் எண்ணிக்கைக்கு ஆறே வரம்பு. அது தீர்ந்ததும் புதிய ஆலையும் விரிவாக்கமும் நிலக்கரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஹோல்யோக்குக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. கந்தலின் இடத்தை மரக்கூழ் பிடித்தது. மரக்கூழ் ஆலைக்குக் காடு பக்கத்தில் வேண்டும். 1899-ல் அமெரிக்கன் ரைட்டிங் பேப்பர் கம்பெனி என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட எழுதுதாள் ஆலைகள் ஒன்றாக இணைந்தன; அவற்றில் பாதிக்கு மேல் ஹோல்யோக்கில் இருந்தவை. தலைக்குமேல் கடனோடு பிறந்த நிறுவனம் அது. பழைய எந்திரங்களை மாற்றப் பணமில்லாமல் ஆலை ஆலையாக மூடியது.

தண்ணீர்க் குத்தகை அதன் கடைசிக் காலத்திலும் ஒரு வழக்கை உண்டாக்கியது. பணத்தின் மதிப்பு சரியும் என்ற பயத்தில் வாட்டர் பவர் கம்பெனி சில குத்தகைகளில் வாடகையைத் தங்கத்தோடு பிணைத்திருந்தது: 1894-ம் ஆண்டுத் தரத்தில் 1,500 டாலர் பெறும் தங்கம், அல்லது அதற்கு ஈடான பணம். 1934-ல் அமெரிக்க அரசு தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. அப்படியென்றால் வாடகையும் அதே விகிதத்தில் ஏற வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. 1937-ல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. இது தங்க விற்பனை அல்ல, தங்கத்தின் பெயரில் எழுதிய பண ஒப்பந்தம், டாலருக்கு டாலர் கொடுத்தால் போதும் என்றது. தங்க ஒப்பந்தங்கள் பற்றிய அமெரிக்கச் சட்டத்தில் இன்றும் குறிப்பிடப்படும் தீர்ப்பு அது.

இத்தனை சொன்ன பிறகும் சரிவுக்கு முக்கியமான காரணம் மின்சாரம்தான். ஷாஃப்டும் பெல்ட்டும் விசையைச் சில நூறு அடிக்கு மேல் கடத்தாது. ஆகவே விசை வேண்டுமானால் ஆலை கால்வாய்க்கரைக்கு வந்தாக வேண்டும். மின்கம்பி வந்ததும் விசை ஆலையைத் தேடிப் போனது. கால்வாய்க்கரை மனை என்ற ஒன்றுக்கு அதுவரை இருந்த விலையின் அடிப்படையே அதோடு போயிற்று.

கால்வாய் மட்டும் வறண்டுவிடவில்லை. நகராட்சி 1902-ல் ஊரின் எரிவாயு, மின் விநியோகத்தைத் தனதாக்கி ஹோல்யோக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் துறையைத் தொடங்கியது. அதே துறை 2001-ல் அணையையும் கால்வாய்களையும் வாங்கிவிட்டது. அணையடியில் பெரிய மின்நிலையமும், கால்வாயோரம் பழைய வீழ்ச்சிகளிலேயே சிறு மின் எந்திரங்களும் ஓடுகின்றன. தண்ணீர் இன்றும் மட்டம் மட்டமாக இறங்குகிறது. பார்சன்ஸ் ஆலைக் கட்டடம் 2008-ல் தீயில் போனது. நான்கு ஆண்டு கழித்து, கால்வாயை ஒட்டி, ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பெரிய கணினி மையத்தைத் திறந்தன: ஹார்வர்ட், எம்.ஐ.டி., பாஸ்டன், நார்த்ஈஸ்டர்ன், மாசசூசெட்ஸ். இரவும் பகலும் குறையாத கனத்த மின்சுமை; அதற்கு மலிவான, கரி எரிக்காத விசை வேண்டும். 1853-ல் பார்சன்ஸ் தேடி வந்ததும் ஏறக்குறைய இதைத்தான்.